செகண்ட் ஹேண்ட் கேமரா வாங்கலாமா? சாரல் ஊர்க்காரர்களின் கேள்விகள்

செங்கோட்டையில் கல்யாண போட்டோ எடுப்பது என் தொழில். முதல் கேமரா வாங்கப் போகிறவர்கள் மலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருந்து கேட்டவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

அண்ணாச்சி, கையில் கொஞ்சம் பணம் இருக்கு. புது கேனான் 1500டி வாங்கவா, பழைய நிக்கான் டி7200 வாங்கவா? (தென்காசி, கல்லூரி மாணவர்)

நல்ல நிலையில் கிடைத்தால் டி7200 வாங்குங்க தம்பி. அது 2015-ல் வந்தது, 1500டி 2018-ல் வந்தது. ஆனால் இரண்டுமே 24 மெகாபிக்சல்தான். டி7200-ல் ஷட்டர் வேகத்துக்கு ஒரு டயல், அபெர்ச்சருக்கு (லென்ஸில் ஒளி நுழையும் துவாரத்தின் அளவு) ஒரு டயல் என்று தனித்தனியாக இருக்கும். 1500டி-யில் ஒரே டயல்தான். எல்லாவற்றையும் நாமே வைக்கும் மேனுவல் முறையில் அபெர்ச்சரை மாற்ற ஒரு பட்டனை அழுத்திக்கொண்டே திருப்ப வேண்டும். கற்றுக்கொள்ளும் காலத்தில் இது பெரிய வித்தியாசம். டி7200-ல் மெமரி கார்டுக்கும் இரண்டு இடம் உண்டு. பலரும் மிரர்லெஸ்ஸுக்கு (உள்ளே பிம்பம் காட்டும் கண்ணாடி இல்லாத கேமரா வகை) மாறுவதால் இந்த மாதிரி நல்ல கேமரா பாடிகள் விலைக்கு வந்துகொண்டிருக்கின்றன.

லென்ஸில் பங்கஸ் (பூஞ்சை) இருக்கான்னு எப்படிப் பார்ப்பது? (புனலூர்)

நம் ஊர்ப் பக்கம் பழையது வாங்குகிறவர்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். ஜூன் பிறந்தால் கணவாய் வழியாகச் சாரல் வந்துவிடும், பீரோவுக்குள் இருக்கும் துணிகூட நமுத்துப் போகும். காற்றில் ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டிப் பல நாள் நின்றால் கண்ணாடியில் பூஞ்சை பிடிக்கும்.

லென்ஸைக் கழற்றி இரண்டு மூடியையும் எடுங்கள். பெயரில் ஜி என்று இருக்கும் நிக்கான் லென்ஸ் என்றால், கழற்றியதும் உள்ளே துவாரத்தைச் சுற்றி இருக்கும் தகடுகள் சுருங்கிக்கொள்ளும். பின்பக்கம் இருக்கும் சின்ன நெம்புகோலை விரலால் தள்ளிப் பிடித்தால் திறக்கும். இருட்டான இடத்தில் பின்னாலிருந்து செல்போன் டார்ச் அடித்து, முன்னாலிருந்து சாய்வாகப் பாருங்கள். சிலந்தி நூல் மாதிரி கிளை கிளையாக ஓடினால் அது பூஞ்சை. இரண்டு மூன்று தூசி இருந்தால் பயமில்லை. பையைத் திறந்ததும் பழைய துணி வாடை அடித்தாலும் உஷாராகிவிடுங்கள்.

எனக்கே இது நடந்திருக்கிறது. எட்டு வருடம் முன்பு ஒருவரிடம் 85 எம்எம் லென்ஸ் வாங்கினேன். வெயிலில் தூக்கிப் பார்த்தேன், பளபளவென்று இருந்தது. ஒரு வரவேற்பில் மணப்பெண்ணுக்குப் பின்னால் சீரியல் லைட் எரிந்தது. எடுத்த படமெல்லாம் பால் ஊற்றிய மாதிரி வெளுத்துப்போயிருந்தது. வீட்டுக்கு வந்து டார்ச் அடித்தபோதுதான் நடுக்கண்ணாடியில் அந்த நூல் தெரிந்தது. அந்தப் பெண்ணின் முகத்தில் அன்றைக்கு இருந்த சந்தோஷத்தை மறுபடி எடுத்துக் கொடுக்க என்னால் முடியவில்லை. இன்றும் மனசு கேட்கவில்லை.

பிரித்துத் துடைத்துத் தருவார்கள்தான். ஆனால் பூஞ்சையின் அமிலம் கண்ணாடி மேல் பூச்சை அரித்திருந்தால் தடம் போகாது. பங்கஸ் பிடித்த லென்ஸ் பாதி விலைக்கு வந்தாலும் வேண்டாம்.

ஷட்டர் கவுண்ட், அதாவது கேமராவின் ஷட்டர் இதுவரை எத்தனை தடவை ஓடியிருக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

நிக்கானில் படத்தின் தகவலுக்குள்ளேயே எண் இருக்கும். அன்றைக்கே எடுத்த, எடிட் செய்யாத படத்தை வாட்ஸ்அப்பில் டாக்குமென்டாக அனுப்பச் சொல்லுங்கள். போட்டோவாக அனுப்பினால் அந்தத் தகவல் போய்விடும். கேனானில் பெரும்பாலான மாடல்களுக்குக் கம்ப்யூட்டரில் மாட்டித்தான் பார்க்க வேண்டும். டி7200 ஷட்டர் 1,50,000 தடவைக்குச் சோதித்தது. 40,000 ஓடியிருந்தால் தாராளமாக வாங்கலாம்.

என்னிடம் நிக்கான் டி5600 இருக்கு. 50 எம்எம் 1.8 டி லென்ஸ் மலிவாக வருது, வாங்கலாமா? (புளியரை)

வேண்டாம் தங்கச்சி. மாட்டும், படமும் வரும், ஆனால் ஆட்டோஃபோகஸ் (தானாகக் கூர்மை பிடிப்பது) வேலை செய்யாது. டி லென்ஸை ஓட்டும் மோட்டார் கேமராவுக்குள் இருக்க வேண்டும், டி5600-ல் கிடையாது. ஏஎஃப்-எஸ் (லென்ஸுக்குள்ளேயே மோட்டார் உள்ளது) என்று எழுதியிருக்கும் 35 எம்எம் 1.8 ஜி-யைத் தேடுங்கள். வீட்டுக்குள் எடுக்க அதுதான் வசதி.

விற்கிறவர் பஸ் ஸ்டாண்டுக்கு வரச் சொல்கிறார், பில் இல்லையாம்.

போகாதீர்கள். பில்லில் இருக்கும் சீரியல் நம்பரும் கேமராவில் இருப்பதும் ஒன்றாக இருக்க வேண்டும். திருட்டுப் பொருளாக இருந்தால் பணமும் போகும், அலைச்சலும் உங்களுக்குத்தான்.

மகள் பிளஸ் டூ முடிச்சிருக்கா. செக் பண்ண எங்களுக்கு ஒண்ணும் தெரியாது. (கடையநல்லூர், ஒரு அம்மா)

அப்படியென்றால் புதுசே வாங்குங்கள் அக்கா. பார்த்துச் சொல்ல ஆள் இல்லாமல் பழையது வாங்குவதில் எனக்குச் சம்மதமில்லை. இந்திய வாரண்டி உண்டா என்று பில் போடும் முன்பே கேளுங்கள். வெளிநாட்டுச் சரக்கு விலை குறைவாக வரும், வாரண்டி இருக்காது.

வாங்கின பிறகு மழைக்காலத்தில் எப்படி வைக்கணும்? (ஆரியங்காவு)

காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள். நீல மணிகள் ரோஸ் நிறமானால் மாற்றுங்கள். தோல் பையில் போட்டு மாதக்கணக்கில் மூடி வைக்க வேண்டாம். படம் எடுக்க நாம் போகும் சுந்தரபாண்டியபுரத்தில் சூரியகாந்தி பூக்கும்போதுதான் சாரலும் அடிக்கும். நனைந்து வந்தால் துடைத்து, ஒரு மணி நேரம் ஃபேனுக்குக் கீழே வைத்து, அப்புறம் டப்பாவை மூடுங்கள்.