டேபிள்டாப் ஆர்பிஜியில் தற்காப்புத் திறன்களுக்குப் புள்ளி செலவழிப்பது வீணா?

ஆர்பிஜி என்றால் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு கேரக்டராகப் பகடை உருட்டி ஆடும் கதை விளையாட்டு. கேரக்டருக்குக் கிடைக்கும் புள்ளியைத் தற்காப்பில் போடுவது வீண் இல்லை. ஆனால் எந்த கேம் ஆடுகிறீர்கள் என்பதைப் பொறுத்து பதில் மாறும்.

"எதிரியைச் சீக்கிரம் சாய்த்துவிட்டால் தடுக்க வேண்டிய வேலையே இல்லையே" என்று சொல்பவர்கள் பெரும்பாலும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடிப் பழகியவர்கள். அங்கே அது ஓரளவு சரிதான். கவசம், கேடயம், சுறுசுறுப்பு எல்லாமே ஆர்மர் கிளாஸ் என்ற ஒரே எண்ணுக்குள் அடங்கிவிடும்; அடிப்பவர் உருட்டுவது அதை எட்டினால்தான் அடி விழும். அதன் ஐந்தாம் பதிப்பில் டாட்ஜ் (அடிக்காமல் விலகித் தப்புவதிலேயே கவனம் வைப்பது) எடுத்தால், உங்களை அடிக்க வருபவர் இருபது பக்கப் பகடையை இரண்டு முறை உருட்டிச் சின்ன எண்ணை எடுக்க வேண்டும். 50 சதவீத வாய்ப்பு 25 ஆகிவிடும். ஆனால் உங்கள் டர்னில், அதாவது உங்கள் முறையில், செய்ய வேண்டிய ஆக்‌ஷன் அதோடு போச்சு. எதிரியும் உங்களை விட்டுவிட்டுப் பக்கத்தில் நிற்கும் மந்திரவாதியைப் போய் அடிப்பான். குறுகலான வாசலை மறித்து நிற்கும்போதுதான் டாட்ஜுக்கு முழு மதிப்பு.

ஸ்டீவ் ஜாக்சன் கேம்ஸ் 1986இல் கொண்டுவந்த கர்ப்ஸ் என்ற இன்னொரு ஆர்பிஜியில் கதையே வேறு. அடி சரியாக வந்து விழுந்தாலும் உங்களுக்கு இன்னொரு வாய்ப்பு உண்டு: டாட்ஜ் (விலகுவது), பாரி (ஆயுதத்தால் தட்டிவிடுவது), பிளாக் (கேடயத்தால் தடுப்பது). மூன்று ஆறுபக்கப் பகடை உருட்டி, கூட்டுத்தொகை அந்தத் தடுப்புக்கான உங்கள் எண்ணைத் தாண்டாமல் இருந்தால் தப்பித்தீர்கள். ஆயுதத் திறனில் பாதியோடு 3 கூட்டினால் பாரிக்கான எண். ஆக, கத்திச் சண்டையில் போடும் புள்ளி அடிக்கவும் உதவும், தடுக்கவும் உதவும்.

புதுச்சேரியில் எங்கள் குழு இப்போது கர்ப்ஸில் ஆடுவது 1748 முற்றுகையை. கடற்படைத் தளபதி பாஸ்கவென் தலைமையில் வந்த ஆங்கிலேயப் படை, பிரெஞ்சு ஆளுநர் டூப்ளே காத்து நின்ற இந்த ஊரைப் பிடிக்க முடியாமல் மழைக்காலம் தொடங்க, அக்டோபரில் திரும்பிப் போனது. அதனால் எங்கள் ஆட்டத்தில் ஜெயிப்பது என்றால் மழை வரும்வரை தாக்குப்பிடிப்பதுதான். எத்தனை பேரைச் சாய்த்தோம் என்று யாரும் கணக்குப் பார்ப்பதில்லை.

எங்களில் ஒருவருடைய கேரக்டர் சிலம்பக்காரர். கர்ப்ஸில் கம்புக்குப் பாரியில் கூடுதலாக 2 கிடைக்கும். திறன் 12 உள்ள வாள்காரருக்குப் பாரி 9, அதாவது 37.5 சதவீதம். அதே திறனுள்ள கம்புக்காரருக்கு 11, அதாவது 62.5 சதவீதம். ஒரு அடி பின்வாங்கித் தடுத்தால் 12 ஆகி 74 சதவீதத்தைத் தொடும். கம்பை வெறும் குச்சி என்று நினைத்தவர்கள் எல்லாம் எங்கள் மேஜையில் இப்போது மரியாதையாகப் பேசுகிறார்கள்.

போன வாரம் அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் இரண்டு சிப்பாய்கள் துப்பாக்கிச் செருகுகத்தியோடு அவரைச் சூழ்ந்தார்கள். முதல் குத்தைக் கம்பால் தட்டிவிட்டார். இரண்டாவதையும் அதே கம்பால் தடுக்கப் போனால் 4 குறையும். மிஞ்சுவது 7, வெறும் 16 சதவீதம். பின்னால் சேறு, பின்வாங்கவும் வழியில்லை. டாட்ஜுக்கு அந்தக் குறைப்பு கிடையாது என்பது நினைவுக்கு வந்தது. ஆனால் முதுகில் வெடிமருந்து மூட்டை, சுமை கூடக்கூட டாட்ஜ் குறையும். 8 இருக்க வேண்டியவருக்கு 6தான் இருந்தது. உருட்டினார், 10. விலாவில் குத்து. அடுத்த டர்னிலேயே மூட்டையைக் கீழே போட்டார். கூட்டாளி ஓடிவந்து பக்கத்தில் நின்று ஒருவனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அப்புறம்தான் மூச்சு வந்தது.

அதனால் கர்ப்ஸில் புதிதாக கேரக்டர் எழுதுகிறவர்களுக்கு நான் சொல்வது: முதலில் ஒரே ஆயுதத் திறனை 14 வரை ஏற்றுங்கள், பிறகு சுமையைக் குறையுங்கள், மிச்சப் புள்ளியை டாட்ஜ் பக்கம் வையுங்கள். துப்பாக்கிக் குண்டைப் பாரியும் தடுக்காது, பிளாக்கும் தடுக்காது. 1748இல் ஆடினால் டாட்ஜ் இல்லாமல் கோட்டைச் சுவருக்கு வெளியே தலையை நீட்டாதீர்கள்.