சுயாதீனப் படத்துக்கு ஆள் சேர்ப்பது: கேட்டவர்களுக்கு என் பதில்கள்

அண்ணா, ஸ்கிரிப்ட் ரெடி. முதலில் யாரைத் தேடுவது, கேமராமேனையா?

எல்லாரும் அங்கேதான் முதலில் ஓடுகிறார்கள். நான் தயாரிப்பு நிர்வாகம் தெரிந்த ஒருவரைத் தேடச் சொல்வேன். எத்தனை லொகேஷன், எத்தனை இரவுக் காட்சி, எந்த நடிகர் எத்தனை நாள் என்று ஸ்கிரிப்டைப் பிரித்துப் போட்ட பிறகுதான் மற்றவர்களிடம் எத்தனை நாள் கேட்கப்போகிறோம் என்பதே உங்களுக்குத் தெரியும். தேதி சொல்லாமல் "கதை சூப்பர், வாங்க" என்றால் நல்ல ஆள் தலையாட்டிவிட்டுச் சம்பளம் வரும் வேலைக்குப் போய்விடுவார், அதில் அவர் மேல் தப்பில்லை.

ஷோரீல் (தன் வேலையின் மாதிரிகளைத் தொகுத்த வீடியோ) பார்த்து ஒளிப்பதிவாளரை முடிவு செய்யலாமா சார்?

ஷோரீலில் அழகான ஷாட் மட்டும்தான் இருக்கும். அவர் எடுத்த ஒரு முழுக் காட்சியைக் கேளுங்கள், அதற்கு எத்தனை லைட், எத்தனை பேர், எவ்வளவு நேரம் என்றும் கேளுங்கள். ஷாட்டுக்கு ஷாட் வெளிச்சம் ஒத்துப்போகிறதா, வெட்டி ஒட்ட வழி இருக்கிறதா என்பது அப்போது தெரியும்.

அதே சமயம் அனுபவம் இல்லை என்பதற்காக ஒருவரை ஒதுக்கவும் வேண்டாம். சத்யஜித் ராய் 'பதேர் பாஞ்சாலி'க்குச் சேர்த்த ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ரா அதற்கு முன் சினிமா கேமராவை இயக்கியதே இல்லை. ஆனால் பிரெஞ்சு இயக்குநர் ழான் ரெனுவாரின் படப்பிடிப்பில் கூடவே இருந்து லைட்டிங்கைக் கவனித்துக் குறிப்பெடுத்தவர். அந்த மாதிரிக் கவனம் இருக்கிறதா என்பதை, உங்கள் ஸ்கிரிப்டிலிருந்து ஒரு பக்கத்தை ஒரே நாளில் சேர்ந்து எடுத்துப் பார்த்தால் கண்டுபிடித்துவிடலாம்.

சவுண்டுக்குத் தனி ஆள் வேண்டுமா, டப்பிங்கில் பார்த்துக்கொள்ளலாமே?

வேண்டும். டப்பிங்குக்கும் ஸ்டுடியோ, நடிகர் தேதி என்று செலவுதான், அதுவும் புதுமுகங்கள் மைக் முன் அதே உணர்வைத் திரும்பக் கொண்டுவரத் திணறுவார்கள். லொகேஷன் பார்க்கப் போகும்போதே சவுண்டு ஆளைக் கூட்டிப்போங்கள், அங்கே இரைச்சல் எப்படி என்று அவர் சொல்வார்.

நண்பர்கள் சம்பளம் இல்லாமல் வருகிறார்கள். லாபத்தில் பங்கு என்று சொன்னால் போதுமா?

போதாது. நான் அதிகம் வலியுறுத்துவது இதைத்தான். எந்தச் செலவெல்லாம் கழிந்த பிறகு லாபம், அதில் யாருக்கு எத்தனை சதவீதம், பாதியில் விலகினால் என்ன, டைட்டிலில் பெயர் எப்படி வரும், இதெல்லாம் ஷூட்டிங்குக்கு முன்பே காகிதத்தில் வரட்டும். நண்பரிடம் போய்க் கையெழுத்து கேட்பதா என்று கூசுகிறீர்கள், ஆனால் நட்பைக் காப்பாற்றுவதே அந்தக் கையெழுத்துதான். இன்னொன்று, படத்தை விற்கப் போகும்போது கதை, இசை, நடிகர்கள் என எல்லா உரிமைப் பத்திரங்களையும் கேட்பார்கள். இசையமைப்பாளர் கையெழுத்து ஒன்று இல்லாவிட்டாலே வியாபாரம் நின்றுவிடும். அப்புறம், சம்பளம் இல்லாத இடத்தில் சாப்பாடும் பயணச் செலவும் உங்கள் பொறுப்பு, சொன்ன நேரத்தில் பேக்கப் சொல்வதும்தான்.

எடிட்டர் ஷூட்டிங் முடிந்த பிறகுதானே?

முன்பே. ஸ்கிரிப்டிலேயே தேவையில்லாத காட்சியைச் சொல்லிவிடுவார், ஒரு நாள் செலவு மிச்சம்.

ஸ்கிரிப்டைக் காட்டினால் திருடிவிடுவார்களோ என்று பயம்.

வெறும் ஐடியாவுக்குக் காப்புரிமை (காப்பிரைட்) கிடையாது, எழுதிய வடிவத்துக்கு உண்டு. பதிவு செய்துவிட்டு, முதல் சந்திப்பில் சுருக்கமும் ஒரு காட்சியும் கொடுங்கள். பிடித்துப்போய் வேலைக்கு ஒப்புக்கொள்ளத் தயாராக இருப்பவருக்கு முழு ஸ்கிரிப்டையும் கொடுத்தே ஆகவேண்டும், படிக்காமல் சரி என்கிறவரை நான் சேர்க்கமாட்டேன்.