தூண்களுக்கு நடுவே எழுந்த சுவர்

அன்புள்ள ஐயா,

சென்ற மாதம் குடும்பத்துடன் சிசிலிக்குச் சென்றிருந்தேன். சிராகூசா நகரின் ஒர்த்தீஜியா தீவில் உள்ள பேராலயத்தின் முகப்பை வியந்து பார்த்துவிட்டு உள்ளே நுழைந்தால், சுவரில் பாதி புதைந்தபடி பருத்த கிரேக்கத் தூண்கள் நிற்கின்றன. அது ஏதீனா தேவியின் கோயிலாக இருந்தது என்று பிறகுதான் அறிந்தேன். அப்போதிலிருந்து மனம் ஒப்பவில்லை. தூண்களின் இடைவெளியை அடைத்துச் சுவர் எழுப்பியது அந்தக் கோயிலைச் சிதைத்ததாகாதா? இப்போதாவது அச்சுவரை அகற்றித் தூண்களை மீட்டால் என்ன? இக்கட்டடத்தை எந்தப் பாணியில் சேர்ப்பது என்பதையும் நீங்கள் விளக்க வேண்டும்.

க.

அன்புள்ள க.,

நீங்கள் குறையாகக் கருதும் அந்தச் சுவரைத்தான் அக்கட்டடத்தின் மிகச் சிறந்த பகுதி என்று நான் நினைக்கிறேன். அதைச் சொல்வதற்கு முன் கோயிலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

கி.மு. 480இல் ஹிமேரா என்னுமிடத்தில், வட ஆப்பிரிக்க நகர அரசான கார்த்தேஜின் படையை வென்ற பிறகு, சிராகூசாவை ஆண்ட கெலோன் ஏதீனாவுக்கு எழுப்பிய கோயில் அது. முன்னும் பின்னும் ஆறு தூண்கள், பக்கவாட்டில் மூலைத் தூண்களையும் சேர்த்துப் பதினான்கு என்று மொத்தம் 36 தூண்கள், டோரிக் என்னும் பழைய கிரேக்கப் பாணியில், சுற்றி நின்றன. அதன் கதவுகளில் தந்தமும் பொன்னும் இழைத்த வேலைப்பாடு இருந்ததையும், பின்னாளில் சிசிலியின் ரோமானிய ஆளுநராக இருந்த வெர்ரஸ் அவற்றைக் கொள்ளையிட்டதையும் ரோமானிய வழக்கறிஞர் சிசரோ கடுமையான சொற்களில் பதிவு செய்திருக்கிறார். ஆக, அக்கோயிலின் செல்வத்தைக் கொண்டுபோனவர்கள் கிறிஸ்தவர்கள் அல்லர். அது அவர்களுக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே நடந்து முடிந்துவிட்டது. பேரரசர் தியோடோசியஸ் 4ஆம் நூற்றாண்டின் இறுதியில் பழைய வழிபாடுகளுக்குத் தடை விதித்தார். ஆயர் சோசிமுஸ் இக்கோயிலைப் பேராலயமாக்கியது 7ஆம் நூற்றாண்டில்தான்.

சோசிமுஸின் காலத்துக் கொத்தர்கள் எதிர்கொண்ட சிக்கலை எண்ணிப் பாருங்கள். கிரேக்கக் கோயில் வெளியிலிருந்து காண்பதற்காகக் கட்டப்பட்டது. பலிபீடம் வெளியே, திறந்த வெளியில் இருக்கும். மக்கள் அங்கேயே கூடுவார்கள். உள்ளே இருக்கும் கருவறை தெய்வத்தின் உருவத்துக்கும் காணிக்கைப் பொருள்களுக்கும் உரிய இடம். தூண்கள் முகம் காட்டி நிற்பதும் வெளியில் நிற்பவர்களை நோக்கித்தான். கிறிஸ்தவ வழிபாட்டுக்கோ நேர்மாறான ஓர் இடம் வேண்டும்: சபை முழுவதும் ஒரே கூரையின்கீழ் கூடித் திருப்பலியில் பங்குகொள்ள வேண்டும். இந்தக் கோயிலை இடித்து, அதே கல்லைக் கொண்டு புதிதாகக் கட்டியிருக்கலாம். அக்காலத்தில் அப்படிச் செய்தவர்கள் பலர். இவர்கள் அதைச் செய்யவில்லை. வெளித்தூண்களுக்கு இடையே சுவர் எழுப்பினார்கள். திறந்திருந்த தூண்வரிசை கட்டடத்தின் வெளிச்சுவராயிற்று. உள்ளே கருவறையின் இரு நெடுஞ்சுவர்களிலும் பக்கத்துக்கு எட்டாக வளைவுகளைக் குடைந்தார்கள்; மூடிக்கிடந்த கருவறை நடுக்கூடமாகத் திறந்துகொண்டது. கருவறைக்கும் தூண்களுக்கும் இடையிலிருந்த சுற்றுவழி, இரு பக்கக்கூடங்களாயிற்று. கோயிலின் வாசல் கிழக்கில் இருந்தது. கிறிஸ்தவப் பீடம் கிழக்கில் அமைய வேண்டும் என்பதால் மேற்கில் வாசல் திறந்தார்கள், முதுகு முகமாயிற்று. சட்டையை உள்வெளியாகத் திருப்பிப் போடுவது போல ஒரு கோயிலையே திருப்பிப் போட்டிருக்கிறார்கள். திறந்ததை அடைத்து, அடைத்ததைத் திறந்த இந்த இரண்டு செயல்களில் வெளிப்படும் அறிவு, அழகிய முகப்புகள் பலவற்றில்கூட நான் காணாத ஒன்று.

சுவரை அகற்றலாமே என்ற உங்கள் கேள்விக்கு, சிசிலியின் இன்னொரு நகரான அக்ரிஜெந்தோவில் விடை இருக்கிறது. அங்குள்ள கொன்கோர்தியா கோயிலையும் 6ஆம் நூற்றாண்டின் இறுதியில் இதே முறையில் ஆலயமாக மாற்றினார்கள். 18ஆம் நூற்றாண்டில், நீங்கள் இப்போது விரும்புவது போலவே, தூண்களுக்கு இடைப்பட்ட சுவர்களை நீக்கிவிட்டார்கள். இன்று அது கிரேக்கக் கோயில்களிலேயே மிக நன்றாக நிலைத்திருப்பவற்றுள் ஒன்று என்பது உண்மை. ஆனால் கருவறைச் சுவரில் குடைந்த வளைவுகளை மூட முடியவில்லை. அவை எதை நோக்கித் திறக்கின்றன என்று தெரியாமல் வெயிலில் நிற்கின்றன. அங்கே யாரும் வழிபடுவதில்லை. சிராகூசாவிலோ டிசம்பர் 13 அன்று புனித லூசியாவின் வெள்ளிச் சிலை இதே தூண்களைக் கடந்துதான் வீதிக்கு வருகிறது.

மாற்றினாலே கட்டடம் பிழைத்துவிடும் என்று நான் வாதிடவில்லை. அதே ஒர்த்தீஜியாவில் அப்பொல்லோவின் கோயில் ஆலயமாகவும் பள்ளிவாசலாகவும் படைவீரர் குடியிருப்பாகவும் பயன்பட்டது. இன்று எஞ்சியிருப்பவை சில தூண்களும் சுவர்த்துண்டுகளுமே. ஏதீனாவின் கோயிலில் வழிபாடு ஏதேனும் ஒரு வடிவில் தொடர்ந்தது. 878இல் அரேபியர் நகரைக் கைப்பற்றிய பின் அதுவும் பள்ளிவாசலாயிற்று. 11ஆம் நூற்றாண்டின் இறுதியில் நார்மானியர் வந்ததும் மீண்டும் பேராலயமாயிற்று.

பாணியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1693 ஜனவரி 11இல் நிகழ்ந்த நிலநடுக்கத்தில் நார்மானிய முகப்பு விழுந்தது. நீங்கள் வியந்து பார்த்தது அதற்குப் பிறகு, 18ஆம் நூற்றாண்டில், அந்திரேயா பால்மா வரைந்த, அலங்காரம் மிகுந்த பரோக் பாணி முகப்பு. படிகளின் இருபுறமும் நிற்கும் பேதுரு, பவுல் சிலைகள் இக்னாத்சியோ மராபித்தி செதுக்கியவை. உள்ளே இருந்த பரோக் பூச்சுகளை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அகற்றியதால்தான் நீங்கள் கல்லை வெறுமையாகக் கண்டீர்கள். டோரிக், சோசிமுஸ் காலத்துப் பைசாந்தியம், நார்மானியம், பரோக் ஆகிய நான்கும் ஒரே கட்டடத்தில் இருக்கும்போது ஒரு பெயரைத் தேர்ந்தெடுக்க எனக்கு விருப்பமில்லை. பால்மா தம் முகப்பைத் தட்டையான சுவராக விடாமல், முன்னே தள்ளி நிற்கும் தூண்களால் அமைத்ததைப் பார்க்கும்போது, உள்ளே நின்ற பழைய தூண்களை அவர் மறக்கவில்லை என்றே தோன்றுகிறது. இது என் ஊகம் மட்டுமே.

திருமுழுக்குத் தொட்டியை நீங்கள் கவனித்தீர்களா? கிரேக்கக் காலத்துப் பளிங்குக் கலம் அது. அதை ஏழு சிறிய வெண்கலச் சிங்கங்கள் தாங்குகின்றன, சிங்கங்கள் 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. கட்டடத்துக்குச் செய்ததையே அந்தக் கலத்துக்கும் செய்திருக்கிறார்கள்.

மறுமுறை சென்றால் முகப்பின் வழியாக உடனே நுழைந்துவிடாதீர்கள். வடபுறம் மினெர்வா தெருவில் நடந்து பாருங்கள். அங்கே சுவரிலிருந்து தூண்களின் பாதி உடல் வெளியே தெரியும். மேலே கோயிலின் பழைய கற்பட்டை வேலைப்பாடும், அதற்கும் மேலே கோட்டைச் சுவர் போன்ற பல்வரிசையும் இருக்கும். டோரிக் தூணின் நெடுகத் தோண்டிய பள்ளங்கள் கூர்மையான விளிம்பில் சந்திப்பவை. ஆனால் கை எட்டும் உயரத்தில் அந்த விளிம்புகள் மழுங்கிப்போயிருந்ததை நான் தடவிப் பார்த்திருக்கிறேன். சில தூண்களின் தலைப்பகுதி உடலிலிருந்து விலகிச் சற்றே தள்ளி அமர்ந்திருக்கும். நிலநடுக்கம் தள்ளிய தள்ளு அது. அந்தத் தூண்களை இருபுறமும் அணைத்துக்கொண்டு நிற்பது, நீங்கள் அகற்றச் சொல்லும் சுவர்.

அன்புடன்.