சத்து மாத்திரை: உங்கள் சந்தேகங்களும் என் பதில்களும்

இருபது வருடத்துக்கு மேலாக மருந்தாளுநராக வேலை பார்க்கிறேன். காய்ச்சல் மாத்திரையை ஒன்றா இரண்டா என்று இரண்டு முறை கேட்டு வாங்குகிறவர்கள்கூட, வைட்டமின் என்றால் "சத்துதானே" என்று அளவே பார்க்காமல் போட்டுக்கொள்கிறார்கள். அதனால்தான் கேள்வியோடு அட்டையின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும் அளவையும் எழுதச் சொல்லியிருந்தேன். பெரும்பாலோர் எழுதியிருக்கிறீர்கள், நன்றி.

கேள்வி: மல்டிவைட்டமின் ஆரம்பித்த நாளிலிருந்து சிறுநீர் பளிச்சென்று மஞ்சளாகப் போகிறது. சிறுநீரகத்தில் கோளாறா மேடம்?

இல்லை. ரிபோஃப்ளேவின், அதாவது பி2வின் நிறம் அது. தேவை போக மிச்சம் வெளியேறுகிறது. மாத்திரை போடாத நாட்களிலும் கருமஞ்சளாகவோ பழுப்பாகவோ போனால் மட்டும் மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: வைட்டமின் டி குறைவு என்று 60,000 யூனிட் மாத்திரை, வாரம் ஒன்று வீதம் எட்டு வாரத்துக்கு எழுதிக் கொடுத்தார்கள். முடித்துவிட்டேன். உடம்பு நன்றாக இருக்கிறது, நானே வாங்கித் தொடரலாமா?

வேண்டாம். வாரம் 60,000 என்றால் ஒரு நாளைக்கு எட்டாயிரத்துக்கும் மேல். பெரியவர்களுக்கு ஒரு நாள் தேவை 600 யூனிட், எழுபது வயதைத் தாண்டியவர்களுக்கு 800. மருத்துவர் சொல்லாமல் தினமும் 4,000க்கு மேல் போகக் கூடாது. உங்களுக்குக் கொடுத்தது பள்ளத்தை நிரப்ப. நிரம்பிய பிறகு அதே வேகத்தில் கொட்டினால் வம்புதான்.

வைட்டமின் சி அதிகமானால் சிறுநீரில் போய்விடும். டி அப்படிப் போகாது. கொழுப்பில் கரைந்து மாதக்கணக்கில் உடம்பிலேயே தங்கும். அளவு மீறினால் ரத்தத்தில் கால்சியம் ஏறும். முதலில் தாகம், அடிக்கடி சிறுநீர், மலச்சிக்கல், குமட்டல். அப்புறம் குழப்பம், சிறுநீரகப் பாதிப்பு.

ஒரு முறை ஒரு பெரியவர் காலி அட்டையோடு வந்து அதே மாத்திரையைக் கேட்டார். நான்கு வாரத்துக்கான அட்டை, நான்கே நாளில் தீர்ந்திருந்தது. சீட்டில் "வாரம் 1" என்று இருந்ததில் அவர் கண்ணுக்கு 1 மட்டும்தான் தெரிந்திருக்கிறது. அன்றிலிருந்து இந்த மாத்திரையைக் கொடுக்கும்போது ஒவ்வொரு குழிக்கு மேலும் பேனாவால் "ஞாயிறு", "ஞாயிறு" என்று எழுதித்தான் கொடுக்கிறேன். வீட்டில் வயதானவர்கள் இருந்தால் நீங்களும் எழுதி வையுங்கள்.

இன்னொன்று. சில டப்பாக்களில் யூனிட்டுக்குப் பதில் மைக்ரோகிராம் போட்டிருக்கும். 1 மைக்ரோகிராம் என்பது 40 யூனிட். "வெறும் 25தானே" என்று நினைப்பது உண்மையில் 1,000 யூனிட். கால்சியம் மாத்திரை, மல்டிவைட்டமின் இரண்டிலும் டி கலந்திருக்கலாம். எல்லாவற்றையும் மேசையில் வைத்துக் கூட்டிப் பாருங்கள்.

கேள்வி: இரும்புச்சத்து மாத்திரை வயிற்றைப் புரட்டுகிறது, மலம் கறுப்பாகப் போகிறது. பயந்துபோய் நிறுத்திவிட்டேன் அக்கா.

இரும்பு எடுக்கும்போது மலம் கறுப்பது வழக்கம்தான். தார் மாதிரி பிசுபிசுப்பாக, கடும் நாற்றத்தோடு போனால் மட்டும் அது ரத்தக் கசிவாக இருக்கலாம், உடனே போய்க் காட்டுங்கள்.

புரட்டலுக்கு வழி இருக்கிறது. பெரிய அளவு இரும்பு உள்ளே போனதும் கல்லீரல் ஹெப்சிடின் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. குடலிலிருந்து இரும்பு ரத்தத்துக்குள் போகும் கதவை அது ஏறக்குறைய ஒரு நாள் சாத்திவிடுகிறது. அந்த நேரத்தில் போடும் அடுத்த மாத்திரையில் பெரும்பகுதி உறிஞ்சப்படாமல் குடலிலேயே கிடந்து தொல்லை கொடுக்கும். அதனால்தான் ஒரு நாள் விட்டு ஒரு நாள் கொடுக்கும் முறை வந்திருக்கிறது. உங்களுக்கு அது ஒத்துவருமா என்று மருத்துவரைக் கேளுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள்.

வெறும் வயிற்றில் எலுமிச்சைச் சாறோடு எடுத்தால் நன்றாக ஏறும். டீ, காபி, பால், கால்சியம் மாத்திரை எல்லாவற்றையும் இரண்டு மணி நேரமாவது தள்ளி வையுங்கள். ஹீமோகுளோபின் சரியானதும் விட்டுவிடாதீர்கள், உடம்பின் இருப்பு நிரம்ப இன்னும் சுமார் மூன்று மாதம் வேண்டும்.

அட்டையில் ஃபெரஸ் சல்ஃபேட் 325 மி.கி. என்று இருந்தால் அதில் உள்ள இரும்பு 65 மி.கி.தான். சரி, குறைவுதானே என்று அலட்சியமாக இருக்காதீர்கள். மிட்டாய் என்று நினைத்து ஒரு கைப்பிடி விழுங்கினால் சிறு குழந்தையின் உயிருக்கே ஆபத்து. பூட்டி வையுங்கள்.

கேள்வி: அப்பா எட்டு வருடமாகச் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறார். பாதம் எரிகிறது என்கிறார். பி காம்ப்ளெக்ஸ் வாங்கிக் கொடுக்கட்டுமா?

முதலில் பி12 அளவைப் பாருங்கள் தம்பி. மெட்ஃபார்மின் வருடக்கணக்கில் போகும்போது குடலில் பி12 உறிஞ்சப்படுவதைக் குறைக்கும். சைவ உணவுக்காரர் என்றால் இன்னும் கவனம் தேவை, தாவரங்களில் பி12 கிடையாது. சர்க்கரையாலும் பாதம் எரியும், பி12 குறைந்தாலும் எரியும். பரிசோதிக்காமல் பிரித்துச் சொல்ல முடியாது.

மாத்திரையை முன்னதாகவே ஆரம்பிக்க வேண்டாம் என்று சொல்லக் காரணம் உண்டு. பி காம்ப்ளெக்ஸில் ஃபோலிக் அமிலமும் இருக்கும். பி12 குறைவால் வந்த ரத்தசோகையை அது சரிசெய்துவிடும். ரத்த அறிக்கை அழகாகத் தெரியும், உள்ளே நரம்பு கெட்டுக்கொண்டே போகும். அதிலேயே பி6 அதிக அளவில் இருந்து நீண்ட நாள் எடுத்தால், அதுவே கால் எரிச்சலைக் கொண்டுவரும். அப்பாவை இந்த வாரமே கூட்டிப்போங்கள்.

கேள்வி: முடி கொட்டுகிறது. பயோட்டின் 10,000 மைக்ரோகிராம் தினமும் எடுக்கிறேன். பக்கவிளைவு இல்லை என்கிறார்களே?

ஒரு நாளைக்கு வேண்டியது சுமார் 30 மைக்ரோகிராம். பயோட்டின் குறைவு மிக அரிது, அந்தக் குறைவு இல்லாதவருக்கு முடி வளர அது உதவும் என்பதற்கு வலுவான ஆதாரம் இல்லை. முடி கொட்டுவதற்கு இரும்பு, தைராய்டு இரண்டையும் முதலில் பாருங்கள்.

ஆனால் அந்தத் தைராய்டு பரிசோதனையையே பயோட்டின் குழப்பிவிடும். தைராய்டு அதிகமாகச் சுரக்காதவருக்கும் அதிகம் என்று அறிக்கை வரலாம். மாரடைப்பைக் கண்டறிய ரத்தத்தில் பார்க்கும் ட்ரோபோனின் என்ற புரதத்தின் அளவை உண்மையைவிடக் குறைத்துக் காட்டலாம். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2017இல் இதைப் பற்றி எச்சரித்தது. ரத்தம் கொடுக்கும் முன் பயோட்டின் எடுப்பதைச் சொல்லி, எத்தனை நாள் நிறுத்த வேண்டும் என்று ஆய்வகத்திலேயே கேளுங்கள்.

கேள்வி: மறக்காமல் இருக்கத் தைராய்டு மாத்திரை, கால்சியம், இரும்பு மூன்றையும் காலையில் ஒன்றாகப் போடுகிறேன். சரியா?

சரியில்லை. கால்சியமும் இரும்பும் தைராய்டு மாத்திரையைப் பிடித்துக்கொள்ளும், உடம்பில் ஏற விடாது. காலை எழுந்ததும் வெறும் வயிற்றில் தைராய்டு மாத்திரை, தண்ணீரோடு. மற்ற இரண்டுக்கும் குறைந்தது நான்கு மணி நேர இடைவெளி. கால்சியம் கார்பனேட் என்றால் மதியச் சாப்பாட்டோடு, ஒரு வேளைக்கு 500 மி.கி. கால்சியத்துக்கு மேல் வேண்டாம். இரும்பை இரவு படுக்கும் முன் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: குழந்தைக்குத் திட்டமிடுகிறோம். கர்ப்பம் உறுதியானதும் ஃபோலிக் அமிலம் ஆரம்பித்தால் போதுமா அக்கா?

போதாதும்மா. குழந்தையின் மூளையும் தண்டுவடமும் உருவாகும் குழாய், கரு உண்டான 28 நாளுக்குள் மூடிவிடும். நாள் தள்ளிப்போய்ப் பரிசோதித்துத் தெரிந்துகொள்வதற்குள் அதில் பாதி நாள் போயிருக்கும். ஒரு மாதம் முன்பிருந்தே தினமும் 400 மைக்ரோகிராம். முந்தைய குழந்தைக்கு அந்தக் குழாய் சரியாக மூடாத குறை இருந்திருந்தால் பத்து மடங்கு அளவு தேவைப்படும், அதை மருத்துவர்தான் எழுத வேண்டும். மல்டிவைட்டமினில் ரெட்டினால் என்ற பெயரில் வைட்டமின் ஏ அதிகம் இருந்தால் அந்த டப்பாவை இப்போதே மாற்றிவிடுங்கள், அது அளவு மீறினால் கருவைப் பாதிக்கும்.