சோம்பேறி என்று ஒரு சொல்

அன்புள்ள சார்,

கனடாவில், நோவா ஸ்கோஷியா மாகாணத்து ஹாலிஃபாக்ஸில் முதுகலை படிக்கிறேன். இந்தப் பருவத்தில் ஆரம்பகாலக் கனடிய இலக்கியம் ஒரு பாடம். தாமஸ் சாண்ட்லர் ஹாலிபர்ட்டனின் ‘தி கிளாக்மேக்கர்’ படித்தேன். அமெரிக்காவிலிருந்து வரும் கடிகார வியாபாரி சாம் ஸ்லிக், நோவா ஸ்கோஷியாக்காரர்களின் தலையில் கடிகாரத்தைக் கட்டிக்கொண்டே அவர்களுக்குப் புத்தியும் சொல்கிறான். நன்றாகச் சிரித்தேன். கனடிய அங்கதத்தின் தொடக்கம் இவரா, இவருக்கு முன் ஸ்டெப்ஷூர் என்ற கற்பனை விவசாயி பேரில் பத்திரிகைக் கடிதங்களை எழுதிய தாமஸ் மெக்குல்லக்கா? இவரை அமெரிக்க நகைச்சுவையின் தந்தை என்பது பொருந்துமா? நாயும் பூனையுமாக மழை பெய்கிறது என்ற ஆங்கிலச் சொலவடை இவர் உண்டாக்கியதா? கடைசியாக ஒன்று. ஹாலிபர்ட்டன் சொல்வது சரிதானே சார்? உழைக்காத சோம்பேறிகள் அரசாங்கத்தைக் குறை சொல்லிக்கொண்டிருந்தால் எந்த நாடு உருப்படும்?

க.

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதம் வந்த அன்று மெக்குல்லக்கைத்தான் மறுபடி வாசித்துக்கொண்டிருந்தேன். அதனால் உடனே எழுதுகிறேன்.

மழை விஷயம் தவறு. அந்தச் சொலவடை ஜொனாதன் ஸ்விஃப்ட் 1738இல் வெளியிட்ட நூலிலேயே இருக்கிறது. தந்தைப் பட்டங்களில் எனக்கு அக்கறை இல்லை. யார் முதல் என்பதற்குத் தேதியே பதில் சொல்லும். மெக்குல்லக்கின் கடிதங்கள் 1821 கடைசியில் ‘அக்கேடியன் ரெக்கார்டர்’ பத்திரிகையில் வர ஆரம்பித்தன. சாம் ஸ்லிக் ‘நோவாஸ்கோஷியன்’ பத்திரிகையில் தலைகாட்டியது 1835 செப்டம்பரில்.

உங்கள் கடைசிக் கேள்விதான் என்னைத் தூங்கவிடவில்லை. அதைக் கேட்டதற்காக உங்கள் மேல் கோபமும் வந்தது. முதுகலை படிக்கிற பிள்ளை, ஒரு நகைச்சுவைப் புத்தகத்தை மூடியவுடன் ஒரு நாட்டு ஜனத்தையே சோம்பேறி என்று எழுதலாமா? அந்த ஜனங்களை யார் ஆண்டார்கள் என்று ஒரு பக்கமாவது தேடிப் படித்தீர்களா?

நான் சொல்கிறேன். அன்று நோவா ஸ்கோஷியாவில் பன்னிரண்டு பேர் கொண்ட ஒரு கவுன்சில் இருந்தது. யாரும் ஓட்டுப் போட்டு வந்தவர்கள் இல்லை, நியமனம்தான். சட்டசபை அனுப்பும் மசோதாவைத் தள்ளும் மேலவையும் அதுவே, ஆளுநருக்கு ஆலோசனை சொல்லும் நிர்வாக சபையும் அதுவே. கதவைச் சாத்திக்கொண்டுதான் கூடுவார்கள். தலைமை நீதிபதி உள்ளே, இங்கிலாந்துத் திருச்சபையான ஆங்கிலிக்கன் சபையின் பிஷப் உள்ளே, 1825இல் தொடங்கிய ஹாலிஃபாக்ஸ் வங்கியின் பங்குதாரர்களும் உள்ளே. விவசாயி யாரிடம் போய் முறையிடுவது?

மெக்குல்லக்குக்கு இது நன்றாகத் தெரியும். ஸ்காட்லாந்திலிருந்து வந்தவர், ஆங்கிலிக்கன் அல்லாத பிரஸ்பிட்டேரியன் சபையின் போதகர். அதே மாகாணத்து விண்ட்சரில் இருந்த கிங்ஸ் கல்லூரியில் பட்டம் வாங்க வேண்டுமானால் ஆங்கிலிக்கன் சபையின் 39 கோட்பாடுகளுக்குக் கையெழுத்துப் போட வேண்டும். அதனால் மற்ற சபைப் பிள்ளைகளுக்கும் உயர்கல்வி கிடைக்கட்டும் என்று பிக்டூ என்ற ஊரில் ஒரு அகாடமி தொடங்கினார். அதற்கு நிரந்தர நிதி தர இதே கவுன்சில் மறுத்தது. இத்தனை வருஷம் கவுன்சிலோடு மல்லுக்கட்டிய மனிதர், அங்கதம் எழுத உட்கார்ந்ததும் பெரும்பாலும் யாரைக் கேலி செய்தார் தெரியுமா? விவசாயிகளை. கால் ஊனமான ஸ்டெப்ஷூர் வீட்டோடு இருந்து உழைத்து முன்னேறுகிறான். சாலமன் காஸ்லிங் போன்ற அக்கம்பக்கத்தார் வண்டி கட்டிக்கொண்டு சுற்றி, கடையில் கடன் வைத்து, கடைசியில் கடன்காரர் சிறைக்குப் போகிறார்கள். எழுத்து அபாரம். ஆனால் 1815இல் நெப்போலியன் போர் முடிந்ததும் விலைகள் சரிந்து அந்த மாகாணமே தவித்த காலம் அது. போர் நடந்தபோது உழைத்த குடியானவன் சமாதானம் வந்த மறுநாள் எப்படித் தம்பி சோம்பேறி ஆவான்?

ஹாலிபர்ட்டன் கதை எனக்கு இன்னும் வலிக்கும். இளம் வயதில் சட்டசபையில் உட்கார்ந்திருந்தபோது, 1827இல், அந்தக் கவுன்சிலைப் பென்ஷன் வாங்கும் பன்னிரண்டு கிழவிகள் என்று சொன்னவர் அவர். கவுன்சில் கொதித்தது, சட்டசபை அவரைக் கண்டித்தது. இரண்டு வருஷத்தில் தந்தை இறந்தார். தந்தை வகித்த நீதிபதிப் பதவி மகனுக்கு வந்தது. அதற்கப்புறம் அவருடைய கேலி மேல்பக்கம் திரும்பியது மிகக் குறைவு. மக்களுக்குப் பொறுப்பான ஆட்சி தரலாம் என்று 1839இல் டர்ஹம் பிரபு அறிக்கை கொடுத்தபோது அதை எதிர்த்து எழுதினார். 1856இல் இங்கிலாந்துக்கே போய், அங்கே நாடாளுமன்ற உறுப்பினரும் ஆனார்.

ஒரே பத்திரிகையில், ஒரே வருஷத்தில் நடந்ததைப் பாருங்கள். 1835 ஜனவரி 1ஆம் தேதி ‘நோவாஸ்கோஷியன்’ ஒரு வாசகர் கடிதம் வெளியிட்டது. ஹாலிஃபாக்ஸ் நகர நிர்வாகத்தைக் கையில் வைத்திருந்த மாஜிஸ்ட்ரேட்டுகளும் போலீசும் முப்பது வருஷத்தில் மக்கள் பணம் முப்பதாயிரம் பவுண்டு சுருட்டிவிட்டார்கள் என்று கணக்குச் சொன்னது அந்தக் கடிதம். ஆசிரியர் ஜோசப் ஹோவ் மேல் அவதூறு வழக்கு. வழக்கறிஞர் கிடைக்காமல் அவரே எழுந்து ஆறு மணி நேரத்துக்கு மேல் பேசினார். ஜூரிக்குப் பத்தே நிமிஷம் போதுமாயிருந்தது, விடுதலை. அதே ஹோவ்தான் அதே வருஷம் செப்டம்பரில் சாம் ஸ்லிக்கை அச்சிட்டார். அவனும் வாரம் தவறாமல் வந்து, அரசியல் பேசியது போதும், போய் வேலையைப் பாருங்கள் என்று அதே வாசகர்களுக்குச் சொன்னான். உழைப்பைப் பற்றி ஹோவும் ஊருக்கு உபதேசம் செய்தவர்தான், மறைக்கவில்லை. ஆனால் அவர் கணக்குப் புத்தகத்தையும் கூடவே கேட்டார். 1848இல் பொறுப்பாட்சி பெற்ற முதல் பிரிட்டிஷ் குடியேற்றமாக நோவா ஸ்கோஷியா ஆனது இப்படிக் கேட்டவர்களால்தான்.

டீக்கன் ஃப்ளின்ட் வீட்டில் ஸ்லிக் கடிகாரம் விற்கும் காட்சி உங்களைப் போலவே எனக்கும் பிடிக்கும். ஆறரை டாலர் சரக்கு. நான் திரும்பி வரும்வரை இங்கே பத்திரமாக இருக்கட்டும் என்று சுவரோரம் வைத்துவிட்டுப் போகிறான். பழகிய பொருளைத் திருப்பிக் கொடுக்க மனசு வராது, நாற்பது டாலர் தானாக வரும் என்று அவனுக்குத் தெரியும். மனித மனசைப் பிட்டுப்பிட்டு வைத்த இடம் அது. ஆனால் நீங்கள் எழுதாமல் விட்ட ஒரு அத்தியாயம் இருக்கிறது. தலைப்பில் கறுப்பின மக்களை இழிவுபடுத்தும் சொல் வருகிறது, அதை இங்கே எழுத மாட்டேன். எல்லா மனிதரும் சமம் என்று எழுதிவைத்துக்கொண்டு அடிமை வைத்திருக்கிறீர்களே என்று கதைசொல்லி ஸ்லிக்கைச் சீண்டுகிறார். ஸ்லிக் பதிலுக்கு, உங்கள் ஊரில் வெள்ளைக்காரனையே ஏலம் விடுகிறீர்களே என்கிறான். உண்மைதான். ஊரின் ஏழைகளை, முதியவர்களை வருஷா வருஷம் ஏலம் விடுவார்கள். யார் மிகக் குறைந்த பணத்துக்குச் சோறு போட ஒப்புக்கொள்கிறாரோ அவர் வீட்டுக்கு அந்த மனிதர் போக வேண்டும். ஒரு முதியவர் எழுந்து கெஞ்சுகிறார். படிக்கும்போது தொண்டை அடைக்கும். அவரைச் சோம்பேறி என்று ஹாலிபர்ட்டன் எழுதவில்லை, கை வரவில்லை. புத்தகம் முழுக்கச் சொன்ன உபதேசம் அந்த ஒரு மனிதர் முன்னால் நிற்க முடியாமல் போகிறது. அதே பேனா கறுப்பினத்தவரைத் தொட்டால் வெறும் கேலிச்சித்திரம். அடிமை முறைக்கே வக்காலத்து வாங்குகிறது. பிரிட்டிஷ் பேரரசில் அடிமை ஒழிப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்து ஓரிரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது.

உங்கள் ஊரில் இரண்டு குளிர்காலம் ஒரு கிடங்கில் இரவு வேலை பார்த்தேன். என்னோடு பெட்டி தூக்கியவர் பக்கத்துப் பிரெஸ்டனைச் சேர்ந்த கறுப்பினப் பெரியவர். பகலில் வேறு ஒரு வேலையும் செய்தார். மேற்பார்வையாளர் ஒருநாள் அவர் காதுபடவே சோம்பேறி என்றான். அவர் ஒன்றும் பேசவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை என்னை வீட்டுக்கு அழைத்துப்போனார். பின்பக்கம் காட்டி, கையில் ஒரு மண்வெட்டி கொடுத்து, வெட்டு என்றார். நாலு விரற்கடை இறங்கியதும் ணங் என்றது. இரண்டடி தள்ளி வெட்டினேன், அங்கேயும் பாறை. நாலாவது இடத்தில் கைப்பிடி அதிர்ந்து மணிக்கட்டு மரத்துவிட்டது. அவர் சிரிக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். 1812இல் தொடங்கிய அமெரிக்க, பிரிட்டிஷ் போரின்போது அமெரிக்க எஜமானர்களிடமிருந்து தப்பி, விடுதலை என்ற வாக்கை நம்பிப் பிரிட்டிஷ் கப்பலேறி வந்த சுமார் 2000 பேரின் வம்சம் அவர். குடும்பத்துக்குப் பத்து ஏக்கர் அளவில் இந்தப் பாறைக் காட்டைக் கொடுத்தார்கள். பலருக்கும் பட்டா கொடுக்கவில்லை, குடியிருக்க அனுமதிச் சீட்டு மட்டும். அதில் விளையவில்லை என்றதும் சோம்பல் இவர்கள் ரத்தத்தில் இருக்கிறது என்கிற மாதிரி அதிகாரிகள் மேலிடத்துக்கு எழுதினார்கள். பட்டாச் சிக்கலைத் தீர்க்க மாகாண அரசு ஒரு தனித் திட்டம் கொண்டுவந்தது 2017இல்தான். இருநூறு வருஷம், தம்பி.

அதற்கப்புறம் அந்தச் சொல்லை எங்கே பார்த்தாலும், எவ்வளவு நல்ல எழுத்தில் பார்த்தாலும், என் மணிக்கட்டு வலிக்கிறது.

கோபமாக எழுதிவிட்டேன், மனசில் வைத்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் சிரித்ததில் தப்பே இல்லை, ஹாலிபர்ட்டன் சிரிக்க வைக்கத் தெரிந்தவர். அந்த ஏல அத்தியாயத்தை மட்டும் இன்னொரு முறை வாசியுங்கள். மெக்குல்லக்கின் கடிதங்கள் 1862இல் நூலாக வந்தன, உங்கள் பல்கலைக்கழக நூலகத்தில் கேட்டுப் பாருங்கள். டல்ஹவுசி கல்லூரியின் முதல் முதல்வரே அவர்தான். அப்புறம், பிரெஸ்டன் உங்கள் ஊரிலிருந்து காரில் அரை மணி நேரம். பனி விலகியதும் யாராவது நண்பரைக் கூட்டிக்கொண்டு போய் வாருங்கள்.