ஏற்காட்டு நடைக்கு முன்: டீட் இல்லாத கொசு விரட்டி பற்றிக் கேள்வி பதில்

வரும் ஞாயிறு நம் நடைக்குழு ஏற்காட்டுக் காப்பித் தோட்டங்களுக்குள் நடக்கப் போகிறது. டீட் (DEET) என்பது கொசு விரட்டிகளில் பரவலாகச் சேர்க்கும் வேதிப்பொருள். அது கலக்காத கொசு விரட்டி பற்றி வந்த கேள்விகளுக்கு, கல்லூரியில் பூச்சியியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். அடைப்புக்குறிக்குள் இருப்பது கேட்டவரின் ஊர்.

டீட் அவ்வளவு கெட்டதா, ஐயா? (அஸ்தம்பட்டி)

இல்லை. 1940களில் அமெரிக்க ராணுவத்துக்காக உருவாக்கினார்கள். 1957 முதல் பொதுமக்கள் பூசுகிறார்கள். லேபிளில் சொன்னபடி பூசினால் பயமில்லை. ஆனால் பிளாஸ்டிக்கை இளக்கிவிடும். என் மூக்குக்கண்ணாடிச் சட்டம் ஒன்று அப்படித்தான் போனது. பிசுபிசுப்பும் வாடையும் பிடிக்காமல் மாற்றுத் தேடினால் அது நியாயம்.

அப்படியானால் எதை வாங்குவது? (அழகாபுரம்)

முதலில் பிகாரிடின். ஏற்காட்டில் சில்வர் ஓக் மரங்களைச் சுற்றி ஏறும் மிளகுக்கொடியைப் பார்த்திருப்பீர்கள். மிளகின் காரத்துக்குக் காரணமான பைப்பரினின் அமைப்பை ஒட்டி, 1980களில் பேயர் நிறுவனம் உருவாக்கிய பொருள் இது. இக்காரிடின் என்றும் லேபிளில் இருக்கும். வாடை குறைவு, பிளாஸ்டிக்கை ஒன்றும் செய்யாது. 20 சதவீதம் இருந்தால் ஒரு பகல் நடைக்குப் போதும். சதவீதம் கூடினால் கொசு அதிகமாகப் பயந்துவிடாது. காவல் நேரம்தான் நீளும். 5 சதவீதத்தைப் பூசிக்கொண்டு மாலை வரை நம்பியிருக்காதீர்கள். (இதைப் படித்துவிட்டு யாரும் மிளகை அரைத்துப் பூச வேண்டாம்.)

அடுத்தது ஐஆர்3535. தோலுக்கு மென்மையானது, கண்ணில் பட்டால் எரியும். மூன்றாவது பி.எம்.டி. (PMD), ஒருவகை யூகலிப்டஸ் மரத்திலிருந்து வருவது. அதைப் பற்றிக் கீழே ஒரு சண்டையே நடக்கிறது.

டப்பாவின் முன்பக்கத்தில் இலை வரைந்திருக்கும். பின்பக்கத்தில்தான் உண்மை இருக்கும். பின்பக்கத்தைப் படியுங்கள்.

வீட்டில் இருக்கும் கிரீமில் டைஎத்தில் பென்ஸமைடு என்று போட்டிருக்கிறது. அதுதானே டீட்? (சூரமங்கலம்)

பின்பக்கத்தைப் படித்த முதல் ஆள் நீங்கள்தான், வாழ்க. அது டீட் அல்ல. டீட் என்பது டைஎத்தில் டொலுவமைடு. இரண்டும் நெருங்கிய உறவு, ஆனால் வேறு ஆள்.

என் தாத்தா அறுபது வருடம் தோட்டத்தில் தைலம் தடவியே வேலை பார்த்தார். யூகலிப்டஸ் எண்ணெயை நீங்களே சிபாரிசு செய்துவிட்டு, ஏற்காட்டுக் கடைத் தைலத்தை மட்டும் ஏன் ஒதுக்குகிறீர்கள்? (ஏற்காடு)

தாத்தாவுக்கு வணக்கம். ஆனால் நான் அதைச் சிபாரிசு செய்யவில்லை. கடையில் கிடைக்கும் நீலகிரித் தைலத்தில் பெரும்பகுதி சினியோல். சளிக்கு மூக்கடியில் வைத்தால் சுகம்; கொசுவுக்கு எதிரே சீக்கிரம் பறந்துவிடும். பி.எம்.டி. வருவது வேறு மரத்திலிருந்து: இலையைக் கசக்கினால் எலுமிச்சை மணக்கும் தைலமரம்.

அப்படியானால் அந்த மரத்தின் எண்ணெயை வாங்கிக்கொள்கிறேன். (மீண்டும் ஏற்காடு)

அதுவும் ஆகாது. பச்சை எண்ணெயில் சிட்ரோனெல்லால் என்ற பொருள்தான் அதிகம், பி.எம்.டி. மிகக் குறைவு. அந்த சிட்ரோனெல்லாலை மாற்றித்தான் பி.எம்.டி. செய்கிறார்கள். அது எளிதில் ஆவியாகாது, அதனால் தோலில் மணிக்கணக்கில் தங்கும். மணம் அதேதான், பொருள் வேறு.

எலுமிச்சம்புல் எண்ணெய்? (நடுவில் புகுந்தவர், ஓமலூர்)

மணக்கும். அரைமணிக்கு ஒருமுறை நின்று பூசிக்கொண்டே நடக்க ஆசையிருந்தால் கொண்டு வாருங்கள்.

தாத்தாவுக்கு மலேரியா வந்ததே இல்லை. (மூன்றாம் முறை ஏற்காடு)

எனக்கும்தான். நான் தைலமே தடவியதில்லை.

இரண்டு வயதுக் குழந்தையைத் தூக்கி வருகிறோம். (ஃபேர்லேண்ட்ஸ்)

பி.எம்.டி. வேண்டாம், அம்மா, மூன்று வயதுக்குக் கீழே கூடாது. லேபிளில் வயது பார்த்துப் பிகாரிடின் வாங்குங்கள். உங்கள் கையில் ஊற்றி அதன்பின் குழந்தைக்குத் தடவுங்கள். குழந்தையின் கைவிரலில் பூசாதீர்கள், வாய்க்குப் போகும். முழுக்கைச் சட்டை எல்லாவற்றையும் விட மேல். தைலம், கற்பூரம் இரண்டையும் எட்டாத இடத்தில் வையுங்கள். விழுங்கினால் வலிப்பு வரைக்கும் கொண்டுபோகும்.

சன்ஸ்கிரீனும் பூச வேண்டும். எது முதலில்?

சன்ஸ்கிரீன். அது காய்ந்த பிறகு விரட்டி.

கொசு விரட்டும் கைப்பட்டை, செல்போன் செயலி?

பட்டை, கட்டிய மணிக்கட்டுக்கு. செயலி, எதற்கும் இல்லை.

அட்டைக்கும் இதே போதுமா? (கொண்டலாம்பட்டி)

அட்டை பூச்சியே அல்ல, மண்புழுவுக்கு உறவு. ஈரப் புல்லில் விரட்டி கழுவிக்கொண்டு போய்விடும். நெருக்கமாக நெய்த நீளக் காலுறைக்குள் பேன்ட்டைச் செருகுங்கள். கடித்தால் தீ வைக்காமல், நகத்தை வாய்ப்பக்கம் கொடுத்து நெம்பி எடுங்கள்.

டீட் இல்லாததில் எது நல்லது?

இரண்டாவது பதில்.

வேப்பெண்ணெயும் தேங்காயெண்ணெயும் கலந்து...

பின்பக்கம் இல்லாத டப்பா. அடுத்தவர்.

டீட் இல்லாமல் இயற்கையாக ஏதாவது? (ஐந்தாவது ஆள்)

இரண்டாவது பதில், ஐயா. மேலே இருக்கிறது.

போய் வந்து காய்ச்சல் வந்தால்?

இதை முதலிலேயே யாராவது கேட்டிருக்க வேண்டும். புதரில் உட்கார்ந்தால் கண்ணுக்குத் தெரியாத சிற்றுண்ணி கடிக்கும். ஸ்க்ரப் டைஃபஸ் வருவது அப்படித்தான். சுமார் பத்து நாள் கழித்துக் காய்ச்சல் தொடங்கும். அக்குள், இடுப்பு மடிப்பில் சிகரெட் சுட்டதுபோல் கறுத்த பொருக்கு இருக்கிறதா என்று பாருங்கள். எல்லோருக்கும் அது வராது. ஆகவே பொருக்கு இருந்தாலும் இல்லாவிட்டாலும், மலைப்புதரில் இருந்ததை மருத்துவரிடம் சொல்லுங்கள். சரியான மருந்தைச் சீக்கிரம் கொடுத்தால் குணமாகும். புல்லில் உட்கார விரிப்பு கொண்டு வாருங்கள்.

எப்போது பூச வேண்டும்? பஸ்ஸிலேயே அடித்துக்கொள்ளலாமா?

கூடாது. இருபது கொண்டை ஊசி வளைவு, ஜன்னல் மூடிய பஸ், நாற்பது பேர். இறங்கிய பிறகு, காற்றுக்கு முதுகு காட்டி நின்று பூசுங்கள். ஏற்காட்டு நண்பர் தைலத்தோடு வரட்டும். வளைவில் தலைசுற்றுபவர்களுக்கு உதவும்.