அரசிகளை விட்டு, உழைத்த பெண்களை வைத்துச் சரித்திரக் கதை எழுத ஆதாரம் எங்கே கிடைக்கும்?

நீங்கள் எழுதத் தொடங்கி, யாரோ "இதற்கு ஆதாரம் உண்டா?" என்று கேட்டதில் பேனாவை வைத்துவிட்டீர்கள் என்று நினைக்கிறேன். எனக்கும் அதுதான் நடந்தது.

ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) காலத்து யாழ்ப்பாணத்தில், பனங்களியைக் காயவைத்துச் செய்யும் பனாட்டை விற்றுப் பிழைக்கும் ஒருத்தியை வைத்துச் சிறுகதை எழுதிப் போட்டிக்கு அனுப்பினேன். "நன்றாக இருக்கிறது, ஆனால் இதில் சரித்திரம் எங்கே?" என்றார் நடுவர்களில் ஒருவர். அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை.

அந்தக் கதைக்கு ஆதாரம் என் அம்மம்மாவின் கைகள். ஆவணி, புரட்டாதியில் விடியுமுன் எழும்பி வளவில் விழுந்த பனம்பழம் பொறுக்குவா. தோலை உரித்து, பிசைந்து களி எடுத்து, வெயிலில் கட்டிய பரணில் விரித்த ஓலைப்பாயில் ஊற்றுவா. அது காய்ந்ததும் மேலே இன்னொரு படை. இப்படிப் பல நாள். மழை இருட்டினால் பாயைத் தூக்க வீடே ஓட வேண்டும். அந்த மாதங்களில் அவவின் நகக்கண்ணில் மஞ்சள் ஏறியே இருக்கும். சோறு பிசைந்து தந்தால் அதிலும் பனங்களி மணக்கும். 1700இல் பனாட்டுப் போட்டவளின் நகமும் அப்படித்தானே இருந்திருக்கும்? அதனால் ஆவணம் தேடிப் போகுமுன், உங்கள் ஊரில் அந்தத் தொழில் தெரிந்த ஆச்சி ஒருத்தியிடம் போய் இருங்கள்.

எழுத்து ஆதாரமும் இருக்கிறது. ஒல்லாந்தர் தோம்பு என்ற பதிவேடுகளில் காணியையும் ஆட்களையும் பதிந்தார்கள். 1707இல் தொகுத்த, யாழ்ப்பாணத் தமிழரின் வழக்கச் சட்டமான தேசவழமையில் சீதனம், முதுசத்தோடு (பரம்பரைச் சொத்து) அடிமைகளைப் பற்றியும் விதிகள் உண்டு. இலங்கையில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது 1844இல்தான். அதுவரை பெரிய வீடுகளில் நெல்லுக் குத்தியவள் யார், அவளுக்குக் கூலி இருந்ததா என்று கேட்டுப் பாருங்கள், கதை தானாக வரும். இதைச் சொன்னால் எங்கள் ஊரிலேயே சிலருக்குக் கோபம் வரும். அதற்காக எழுதாமல் விட முடியாது.

யாழ்ப்பாண அரசன் சங்கிலியன் கதை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, நானும் ஆசையாய் வாசிக்கிறவள்தான். அப்புறம் ஒன்று: போர்த்துக்கேயர் வருமுன் நடக்கும் கதையில் மிளகாய்த்தூள் போட்டுக் குழம்பு வைக்காதீர்கள். அதற்கு மிளகுதான்.

போன வருடம் எங்கள் வீட்டைத் திருத்தினார்கள். அம்மப்பாவின் மூக்குக்கண்ணாடியும் பேனாவும் கண்ணாடி அலுமாரியில் பத்திரமாக இருக்கின்றன. அம்மம்மா ஓலை வார்ந்த சின்னக் கத்தியான சத்தகத்தைப் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிட்டார்கள். பிடியில் அவவின் பெருவிரல் பட்ட இடம் குழிந்திருக்கும். மாமாவிடம் கேட்டேன். "துருப்பிடித்த கத்திதானே பிள்ளை" என்றார். இன்னும் அவரோடு நான் சரியாகக் கதைக்கவில்லை.